மழைக்காலத்தில் நாயின் விரல் இடுக்கில் சீழ்க்கட்டி: கழுவுவது, கட்டுவது, மருந்து கொடுப்பது எப்படி?

மடிப்பாக்கம்_லாப்

ஆண் லாப்ரடார், 5 வயது, 38 கிலோ. முன் வலது பாதத்தில் நடு விரல் இரண்டுக்கும் இடையில், மேல்பக்கமாக, திராட்சை அளவில் சிவந்த கட்டி. இப்போது உடைந்து ரத்தம் கலந்த சீழ் வடிகிறது. காலை ஊன்றுகிறான், ஆனால் நொண்டல் இருக்கிறது. ஓயாமல் நக்குகிறான். சாப்பாடு குறையவில்லை. சூடு 102. தெருவெல்லாம் மழைத் தண்ணீர். டாக்டரைப் பார்க்க நாளை மாலைதான் நேரம் கிடைத்திருக்கிறது. அதுவரை என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

வெட்_தோல்

102 ஃபாரன்ஹீட் காய்ச்சல் இல்லை. நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பு. 103.5-ஐத் தாண்டினால், காலைத் தரையில் வைக்கவே மறுத்தால், வீக்கம் பாதத்திலிருந்து மணிக்கட்டுக்கு மேல் ஏறினால், சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், புண்ணில் புழு தெரிந்தால் நாளை மாலை வரை வைத்திருக்காதீர்கள், அன்றே போய்விடுங்கள். இன்னொரு நாய் கடித்து வந்த புண் என்றாலும் அப்படித்தான். அதில் வெறிநோய்த் தடுப்பூசிக் கணக்கும் சேர்கிறது, ஏற்கெனவே ஊசி போட்ட நாயாக இருந்தாலும்.

மருந்தைப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லுங்கள். ஒரு காலில் மட்டுமா, மற்ற பாதங்களிலும் சிவப்பு இருக்கிறதா? இதே இடத்தில் முன்பு வந்து ஆறியிருக்கிறதா? மற்ற பாதங்களில் விரல் இடுக்கு முடி துருப் பழுப்பு நிறமாக மாறியிருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், ஒரே காலில், ஒரே இடத்தில் வந்தால் உள்ளே முள், புல், கண்ணாடித் துண்டு மாதிரி ஏதோ இருக்கலாம், அல்லது உடைந்த நகம், வயதான நாயாக இருந்தால் நகக்கண்ணில் கட்டி. இரண்டு மூன்று பாதங்களில் சேர்ந்து வந்தால் அலர்ஜி, ஈஸ்ட் என்ற பூஞ்சை, டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி. இந்த இரண்டாவது வகையில் பாக்டீரியா கடைசியாக வந்து சேர்ந்த விருந்தாளிதான். அதை மட்டும் ஆன்டிபயாடிக் கொடுத்து விரட்டினால், கோர்ஸ் முடிந்த அடுத்த மாதமே கட்டி திரும்பி வரும். வரும் கேஸ்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

லாப்ரடார், புல்டாக், பாக்ஸர் போன்ற குட்டை முடி நாய்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. விரலுக்கு நடுவில் இருக்கும் மொத்தமான குட்டை முடி, உடல் எடை அழுத்த அழுத்த, வேர்ப்பையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். முடியை உடல் அந்நியப் பொருளாகவே நினைக்கும். அதைச் சுற்றி வீக்கம், பிறகு சீழ். அடியில் அழுத்தம், மேலே கட்டி. அதனால்தான் கட்டி பாதத்தின் மேல்பக்கமாக உடைகிறது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: கழுவு, துடை, நக்க விடாதே. பிதுக்கக் கூடாது. பிதுக்கினால் வெளியே வருவதைவிட உள்ளே உடைந்து பரவுவதுதான் அதிகம்.

மடிப்பாக்கம்_லாப்

நன்றி டாக்டர். முன் இடது பாதத்திலும் லேசாகச் சிவப்பு, முடி பழுப்பாகத்தான் இருக்கிறது. பின்னங்கால்கள் சுத்தம். இந்த இடத்தில் கட்டி இதுதான் முதல் முறை. வீட்டில் பெட்டாடினும் டெட்டாலும் இருக்கின்றன. எதை எவ்வளவு கலப்பது?

மாத்திரை_கணக்கு

டெட்டாலை எடுத்து உள்ளே வையுங்கள். அதிலுள்ள குளோரோசைலினால் தோலை எரிக்கும், நக்கினால் வாயும் புண்ணாகும். வீட்டில் பூனையும் இருந்தால் அதற்கு இன்னும் மோசம். ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம். நுரை வருவதைப் பார்த்தால் திருப்தியாக இருக்கும், ஆனால் தினமும் ஊற்றினால் புதிதாக வளரும் சதையையும் சேர்த்துக் கரைக்கும்.

பெட்டாடின் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். "சொல்யூஷன்" என்று இருக்க வேண்டும். "ஸ்க்ரப்" என்று இருந்தால் அதில் சோப்பு கலந்திருக்கிறது, திறந்த புண்ணுக்கு ஆகாது. கடைகளில் 5%, 10% இரண்டும் கிடைக்கும். ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி., கொதித்து ஆறிய தண்ணீருக்கு 5% என்றால் 4 மி.லி., 10% என்றால் 2 மி.லி. நிறம் வெளிறிய கட்டன் சாயா மாதிரி இருக்க வேண்டும். அடர்த்தியாக இருந்தால் சீக்கிரம் ஆறும் என்பது தவறான கணக்கு. அடர்ந்த அயோடின் சதையைச் சுடும்.

குளோர்ஹெக்சிடின் கிடைத்தால் அதுவே மேல், கழுவிய பிறகும் தோலில் கொஞ்ச நேரம் வேலை செய்யும். 2% சொல்யூஷன் என்றால் 200 மி.லி. தண்ணீருக்கு 5 மி.லி. 4% என்றால் 2.5 மி.லி. கலவை 0.05% வரும். இதைச் சலைனில், அதாவது உப்புத் தண்ணீரில், கலக்காதீர்கள், வெள்ளையாகத் திரியும். வெறும் தண்ணீர் போதும். பெட்டாடின், குளோர்ஹெக்சிடின் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றவும் வேண்டாம், ஏதாவது ஒன்று. அளவைக்கு மூடியை நம்பாமல் 5 மி.லி. சிரிஞ்சு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஊசி இல்லாமல். அன்றன்றைக்குக் கலந்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

ஒன்றுமே இல்லாத இடத்தில் உப்புத் தண்ணீரே போதும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு, மட்டமாகத் தலைதட்டி ஒன்றரைத் தேக்கரண்டி. மருந்துக்கடையில் 500 மி.லி. சலைன் பாட்டிலாகவே கிடைக்கும்.

பாட்டி_வைத்தியம்

இதெல்லாம் எதற்குங்க? மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைச்சுப் போட்டா மூணு நாள்ல காஞ்சிரும். எங்க ஊர்ப் பக்கம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதைத்தான் பண்றோம்.

வெட்_தோல்

மாட்டுக் குளம்புக்கும் நாயின் விரல் இடுக்குக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: நாய் தன் காலை நக்கியே தீரும். வேப்பெண்ணெய் கசப்பு, சில நாய்கள் ஒதுங்கும், பல நாய்கள் கவலையே படாமல் நக்கி வாந்தி எடுக்கும். மேலோட்டமான சிராய்ப்பில் மஞ்சள் போட்டுப் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் சீழ் வடியும் துளையில் பொடியைத் தூவினால் சீழோடு சேர்ந்து அடைப்பு மாதிரி காய்ந்துவிடும். மேலே பொருக்கு, உள்ளே சீழ். காய்ந்துவிட்டது என்று நினைத்திருப்போம், சீழ் அடுத்த விரல் இடுக்கில் உடைந்து வெளியே வரும். எண்ணெய் எதுவானாலும் அந்த இடுக்கில் காற்றை மறித்து ஈரத்தைப் பூட்டி வைக்கும், ஈஸ்ட்டுக்கு அதுதான் வேண்டும்.

கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் இவை மூன்றும் கட்டாயம் கூடாது. கற்பூரத்தை நக்கினால் வலிப்பு வரும்.

கோவை_குரூமர்

கழுவுறதை எப்படின்னு நான் சொல்றேங்க, பாதிப் பேர் அங்கதான் கோட்டை விடறாங்க.

வேலைக்கு முன்னாடி கைக்கு உறை போட்டுக்கோங்க. நாயைச் சுவரோரம் பக்கவாட்டுல படுக்க வையுங்க, ஒருத்தர் தலையைப் பிடிச்சுக்கிட்டா நல்லது. வலியில எந்த நாயும் கடிக்கும், நம்ம நாய் கடிக்காதுன்னு நினைக்காதீங்க. வாய்ப்பூட்டு இல்லேன்னா மெத்துன்னு இருக்கிற துணி நாடாவை மூக்கைச் சுத்திக் காதுக்குப் பின்னால கட்டலாம். மூச்சிரைக்கிற நாய்க்கும் மூக்கு சப்பையான பக் மாதிரி நாய்க்கும் அப்படிக் கட்டக்கூடாது.

விரல் இடுக்கு முடியை முதல்ல எடுக்கணும். நுனி மழுங்கின கத்திரி, இல்லேன்னா சின்ன டிரிம்மர். கத்திரியைத் தோலுக்கு இணையா வையுங்க, குத்திட்டு வைக்காதீங்க. விரல்களுக்கு நடுவுல இருக்கிற தோல் மடிப்பு சட்டுனு நறுங்கிரும். புண்ணு மேல கொஞ்சம் கே.ஒய். ஜெல்லியை (தண்ணியில கரையிற வழுவழுப்பு ஜெல்) தடவிட்டு வெட்டினா முடி அதுல ஒட்டிக்கும், புண்ணுக்குள்ள விழாது. அப்புறம் ஜெல்லியோட சேர்த்துக் கழுவி விட்டுரலாம்.

கட்டி இன்னும் உடையலேன்னா வெதுவெதுப்பான தண்ணியில 5 முதல் 10 நிமிஷம் ஊற வைக்கலாம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை. உடைஞ்சிருச்சுன்னா ஊற வைக்காதீங்க. ஊறின தோல் வெள்ளையாச் சுருங்கி இன்னும் பிய்யும். 20 மி.லி. சிரிஞ்சுல கலவையை எடுத்து, ஊசி இல்லாம, மேலே இருந்து கீழே பீய்ச்சி விடுங்க. ஒரு தடவைக்கு 100 முதல் 200 மி.லி. தேவைப்படும். வெளியே வர்ற தண்ணி தெளிவா வர்ற வரைக்கும்.

இனிமேதான் முக்கியம், துடைக்கிறது. துண்டால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. அப்புறம் காஸ் துணியைக் குச்சி மாதிரி சுருட்டி ஒவ்வொரு இடுக்குலயும் விட்டு எடுங்க. அடிப்பக்கம் பெரிய பேடுக்கும் (பாதத்து மெத்தை) விரல் பேடுகளுக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கும், எல்லாரும் விட்டுர்ற இடம் அது. விரலை விரிச்சுப் பார்த்தா அங்க ஈரம் மினுக்கும். ஹேர் டிரையர் போட்டா குளிர்ந்த காத்துல மட்டும்.

காலை, ராத்திரி, வெளியே போய்ட்டு வந்த உடனே. அவ்வளவு தாங்க.

மடிப்பாக்கம்_லாப்

அருமையான விளக்கம். பேதி உப்பு போட்டு ஊற வைக்கலாமா? யூடியூபில் நிறையப் பேர் சொல்கிறார்கள்.

மாத்திரை_கணக்கு

உடையாத கட்டிக்கு, வீக்கம் வடிய, போடலாம். ஆனால் ஊற வைத்த பிறகு வெறும் தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். அந்தத் தண்ணீரை நாய் குடித்தால் பேதிதான், பேருக்கேற்ற மாதிரி. உடைந்த புண்ணுக்குத் தேவையில்லை.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் பற்றியும் யாராவது கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். 10,000-க்கு 1, அதாவது லிட்டருக்கு 0.1 கிராம், வெளிறிய ரோஜா நிறம். கத்தரிப்பூ நிறம் வந்தால் அதிகம். கரையாத ஒரு துணுக்கு தோலில் ஒட்டினால் அந்த இடம் வெந்துவிடும். குளோர்ஹெக்சிடின் கிடைக்கும்போது இதற்குப் போக வேண்டியதில்லை.

கரிசல்காட்டான்

லாப்புக்கு முடிதான் காரணமா இருக்கும், டாக்டர் சொன்னது சரி. ஆனா இந்த இழையைப் படிக்கிற கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் வளர்க்கிறவங்களுக்காக ஒண்ணு சொல்லணும். காட்டுல ஓடுற நாய்க்கு ஒத்தக் கால்ல கட்டி வந்தா முதல் சந்தேகம் சீமைக்கருவேல முள் மேலதான். அது நுழையிற துளை ரெண்டு நாள்ல மூடிக்கும், வெளியே ஒண்ணுமே தெரியாது. நுனி உள்ள ஒடிஞ்சு கிடக்கும்.

ஊசிப்புல்லு, ஒட்டுப்புல்லு அதைவிட மோசம். விதையில பின்னோக்கிச் சாய்ஞ்ச முள்முடி இருக்கு. நாய் நடக்க நடக்க அது முன்னாலதான் போகும், பின்னால வராது. விரல் இடுக்குல நுழைஞ்சது மணிக்கட்டுக்கு மேல வாய் வச்ச கேஸ் உண்டு. துளையில நீர் வடியும், ஆன்டிபயாடிக் கொடுத்தா நிக்கும், விட்டா மறுபடி வடியும்.

டார்ச், லென்ஸ் வச்சுப் பாருங்க. முனை வெளியே தெரிஞ்சாத்தான் சாமணத்தால இழுக்கணும், அது நுழைஞ்ச கோணத்துலயே. தெரியலேன்னா தோண்டாதீங்க, ஒடிஞ்சு இன்னும் உள்ள போயிரும்.

எக்ஸ்ரே எடுத்தா முள் தெரியும்னு நினைக்கிறாங்க. மரமும் புல்லும் எக்ஸ்ரேல தெரியாது. கண்ணாடி, இரும்பு, கல்லு தெரியும். முள்ளுக்கு அல்ட்ராசவுண்ட் கேளுங்க.

இன்னொண்ணு, அஞ்சாம் நகத்தைப் பாருங்க. முன்னங்கால் உள்பக்கம் மேல ஒட்டிக்கிட்டு இருக்குமே அது. தரையில தேயாது. வீட்டு நாய்க்கு அது வளையமா வளைஞ்சு தன் சதைக்குள்ளயே குத்தி நிக்கும். முடி மூடியிருக்கிறதால சீழ் நாத்தம் வந்த பிறகுதான் தெரியும்.

தெருநாய்_தோழி

முள் குத்தினால் டி.டி. ஊசி போடணுமா? எல்லாரும் கேட்கிறார்கள்.

வெட்_தோல்

மனிதர்களுக்குப் போடுவதுபோல நாய்க்கு வழக்கமாகப் போடுவதில்லை. டெட்டனஸ் கிருமியின் நச்சுக்கு நாயின் உடல் ஓரளவு தாக்குப்பிடிக்கும். வரவே வராது என்று அர்த்தமில்லை. நகம் பெயர்ந்த புண், ஆழமான குத்துக்காயம் வழியாக வருவதுண்டு. காயம் பட்டுப் பொதுவாக 5 முதல் 10 நாளில் காது இரண்டும் விறைத்து ஒன்றை ஒன்று நோக்கி இழுக்கும், நெற்றி சுருங்கும், உதடு பின்னால் இழுபட்டுச் சிரிப்பது போலத் தெரியும், நடை மரக்கால் நடையாகும். அப்படித் தெரிந்தால் அந்த மணி நேரமே மருத்துவமனை.

மழைக்காலத்தில் இதைவிட நான் பயப்படுவது லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல். எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் திறந்த புண்ணோடு நடந்தால் கிருமி அதன் வழியாகவே உள்ளே போகும், மனிதருக்கும் தொற்றும். தடுப்பூசி இந்த ஆண்டு போட்டாகிவிட்டதா என்று அட்டையைப் பாருங்கள். புண் ஆறும்வரை தெருத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

மடிப்பாக்கம்_லாப்

கட்டுப் போட்டே வைக்கலாமா, திறந்து விடலாமா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

கோவை_குரூமர்

வீட்டுக்குள்ள இருக்கும்போது திறந்து விட்டுக் கோன் (நக்காம இருக்கக் கழுத்தைச் சுத்திப் போடுற கூம்பு) போடுங்க. என் ஓட்டு அதுக்குத்தான்.

வெட்_தோல்

நானும் பெரும்பாலும் அதைத்தான் சொல்வேன். விரல் இடுக்குத் தொற்றுக்குக் காற்றும் காய்வும் வேண்டும். கட்டு தேவைப்படுவது பேட் கிழிந்திருந்தால், நகம் எடுத்திருந்தால், கட்டியைத் திறந்து விட்டிருந்தால், அல்லது தரை அழுக்காக இருந்து வேறு வழியே இல்லாவிட்டால்.

கட்டுவதானால் முறை இதுதான். புண் மீது ஒட்டாத பாரஃபின் காஸ். பிறகு ஒவ்வொரு விரலுக்கும் நடுவில், ஐந்தாம் நகத்துக்கும் காலுக்கும் நடுவிலும், மெல்லிய பஞ்சு. இதை விட்டால் விரல்கள் ஒன்றோடொன்று உரசி வியர்த்துப் புதிய புண் வரும். அதன்மேல் பஞ்சு ரோல் இரண்டு சுற்று. அதன்மேல் காஸ் ரோல், விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி. கடைசியில் ஒட்டும் கிரேப். அதை ரோலிலிருந்து முழுவதும் இழுத்துத் தளர்த்திவிட்டுச் சுற்றுங்கள். இழுத்துப் பிடித்தபடி சுற்றினால் ரத்த ஓட்டம் நிற்கும். மணிக்கட்டைத் தாண்டிக் கட்டினால்தான் கட்டு கழலாமல் இருக்கும், பாதத்தோடு முடித்தால் பத்து நிமிடத்தில் உருவிக்கொள்ளும்.

நடு விரல் இரண்டின் நக நுனியும் வெளியே தெரிய வேண்டும். நாளைக்கு இரண்டு முறை பாருங்கள். நகங்கள் அருகருகே இருக்க வேண்டும். விலகி விரிந்திருந்தால் விரல் வீங்குகிறது என்று அர்த்தம். குளிர்ந்திருந்தால், நாற்றமடித்தால், நாய் திடீரென்று கட்டையே கடிக்கத் தொடங்கினால் உடனே அவிழ்க்க வேண்டும். கட்டைக் கடிப்பது பெரும்பாலும் சேட்டையல்ல, வலி.

சீழ் வடிந்தால் தினமும் மாற்ற வேண்டும். வடிவது நின்ற பிறகு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை. நனைந்தால் அந்த நிமிடமே. வெளியே போகப் பிளாஸ்டிக் பை கட்டலாம், வந்ததும் கழற்றிவிடுங்கள். பையோடு விட்டால் உள்ளே வியர்த்து ஊறிவிடும். ரப்பர் பேண்டு எந்தக் காரணத்துக்கும் கூடாது. முடிக்குள் மறைந்து சதையை அறுத்த கால்களை எங்கள் துறையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

கோவை_குரூமர்

கோன் அளவு: நாயின் மூக்கு நுனியைத் தாண்டி ரெண்டு இஞ்சாவது வெளியே நீட்டணும். கழுத்துல ரெண்டு விரல் நுழையற இடம். கடையில ஒரு சைஸ் சின்னதா கொடுத்து அனுப்புவாங்க, அது வயித்துத் தையலுக்குப் போதும். பாதம் நீட்டி மூக்குக்கே வந்துரும், அதனால பெரிசு வேணும். காத்தடிச்ச வளையக் காலர் பாதத்துக்குப் பிரயோஜனமே இல்லீங்க.

சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்க, இல்லேன்னா கோன் தரையில இடிச்சுச் சாப்பிடாது. அதைப் பாவம்னு ராத்திரி கழட்டி விடுறவங்க அதிகம். ராத்திரிதான் அதிகம் நக்கும்.

சாக்ஸ் போடறதுன்னா குழந்தைங்களோட பருத்திச் சாக்ஸ், நீங்க பக்கத்துல இருக்கும்போது மட்டும். விழுங்கிட்டா குடல்ல அடைச்சுக்கும்.

மடிப்பாக்கம்_லாப்

டாக்டரைப் பார்த்தாயிற்று. கண்ணாடித் தகட்டில் ஒற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். காக்கஸ் எனும் உருண்டை வகை பாக்டீரியாவும், இடது பாதத்தில் ஈஸ்ட்டும். தோலைச் சுரண்டிப் பார்த்ததில் சிற்றுண்ணி இல்லை. செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக் மூன்று வாரத்துக்கு, வலிக்கு மெலாக்சிகாம் சில நாளுக்கு, குளோர்ஹெக்சிடின்-மைக்கோனசோல் ஷாம்பு. மூன்று வாரம் என்பது நீளமாகத் தெரியவில்லையா? இப்போதே வீக்கம் பாதியாகிவிட்டது.

வெட்_தோல்

மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு மருந்து எழுதியிருக்கிறார், நல்லது. கட்டி உடைந்து சீழ் வந்த தொற்று தோலின் ஆழத்தில் இருக்கிறது. மேல்தோல் ஒரு வாரத்தில் மூடும், அடியில் முடிச்சு இருந்துகொண்டே இருக்கும். மூன்று வாரம் என்பது முடிவுத் தேதி அல்ல, மறுபடி பார்க்கும் தேதி. ஆழமான தொற்றுக்கு நாலு முதல் ஆறு வாரம் போவது சாதாரணம். விரலால் உருட்டிப் பார்த்தால் முடிச்சு தட்டுப்படக்கூடாது, அப்போதுதான் நிறுத்துவது பற்றிப் பேச்சு. பாதியில் நிறுத்தி, திரும்பி வந்ததும் மீதியைக் கொடுத்து, மறுபடி நிறுத்தி என்று விளையாடினால் எந்த மருந்துக்கும் அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ்தான் மிஞ்சும். அதன் பிறகு கல்ச்சர் (சீழில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்து பார்த்துத்தான் மருந்து தேட வேண்டியிருக்கும்.

இரண்டு வாரத்தில் ஒரு முன்னேற்றமும் இல்லை என்றால் இன்னும் வலுவான ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள், கல்ச்சர் கேளுங்கள்.

மெலாக்சிகாம் கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்கக்கூடாது. வாந்தி, கருத்த மலம் வந்தால் நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள். அதோடு எந்த ஸ்டீராய்டும் சேரக்கூடாது, இரைப்பையில் ஓட்டை விழும். வீட்டில் இருக்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், இரண்டு மூன்று மருந்து கலந்த வலி மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். சிறுநீரகம் போய்விடும்.

மாத்திரை_கணக்கு

மாத்திரையைத் தயிர்சாதத்தில் பிசைந்து கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். செஃபலெக்சினுக்குப் பிரச்சினை இல்லை, சாப்பாட்டோடு கொடுத்தால் வாந்தியும் குறையும். ஆனால் பின்னால் டாக்சிசைக்ளினோ என்ரோஃப்ளாக்சசினோ எழுதினால் தயிர், பால், பன்னீர் கூடாது. கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர்வது குறையும். இட்லித் துண்டு, கோழி ஈரல் போதும். டாக்சிசைக்ளின் கொடுத்த பிறகு தண்ணீர் குடிக்க வையுங்கள், உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும்.

பன்னிரண்டு மணி நேர இடைவெளி என்றால் பன்னிரண்டுதான். காலை 8, இரவு 8. "காலையும் சாயந்திரமும்" என்று காலை 9-க்கும் சாயந்திரம் 5-க்கும் கொடுத்தால் இரவு முழுக்க மருந்து இல்லாமல் போகும்.

வீட்டில் மிச்சமிருக்கும் படர்தாமரை களிம்பைத் தடவ வேண்டாம். பல பிராண்டுகளில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருக்கும். இரண்டு நாள் சிவப்பு வடிந்த மாதிரி தெரியும், பிறகு இரட்டிப்பாகும். டெமோடெக்ஸ் இருந்தால் இன்னும் கொழுக்கும். டாக்டர் எழுதிய களிம்பு ஏதாவது இருந்தால் சாப்பாட்டுக்குச் சற்று முன் தடவுங்கள். தட்டைப் பார்த்த நாய் காலை மறந்துவிடும், அந்தப் பத்து நிமிடத்தில் மருந்து இறங்கிவிடும்.

கோவை_குரூமர்

ஷாம்பு: பாதத்துல போட்டு நுரைக்க விட்டு 10 நிமிஷம் கடிகாரம் பார்த்து நிக்கணும். போட்ட உடனே கழுவினா காசைச் சாக்கடையில விட்ட மாதிரிதான். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை. சோப்புத் தண்ணியில முன்னாடி கழுவியிருந்தா நல்லா அலசிட்டுத்தான் இதைப் போடணும், சோப்பு குளோர்ஹெக்சிடினைச் செயலிழக்க வச்சிரும்.

தெருநாய்_தோழி

எங்கள் தெருவில் ஒரு நாய்க்குக் காலில் புண், புழு வைத்துவிட்டது. பிடிக்க விடுகிறது. புழுக்கொல்லிப் பொடி போடலாமா?

வெட்_தோல்

அந்தப் பொடிகளில் கௌமாபாஸ், புரோபாக்சர் இருக்கும். மாட்டுப் புண்ணுக்குச் சரி. நாய் பாதத்தில் போட்டால் நக்கும், நக்கினால் எச்சில் ஒழுகி, தசை துடித்து, மூச்சுத் திணறும். கோன் இல்லாத தெருநாய்க்கு அது விஷம் வைத்த மாதிரி. டர்பன்டைனும் அப்படியே.

சலைனை வேகமாகப் பீய்ச்சுங்கள். புழு மூச்சுக்கு மேலே வரும்போது மழுங்கிய சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுங்கள், நசுக்காமல். ஒரே நாளில் எல்லாம் வராது. உள்ளே பொந்து போயிருக்கும், வெளியே தெரியும் ஓட்டையைவிட உள்ளே பெரிதாக இருக்கும். அதனால் வாய்வழி மருந்து தேவை. நிட்டென்பைராம் அல்லது உண்ணிக்குக் கொடுக்கும் ஐசாக்சசோலின் வகை மாத்திரை, எடை பார்த்து டாக்டர் கொடுப்பார். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள், சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தடுப்பூசி விவரம் தெரியாத நாய், எச்சில் உங்கள் கைக் கீறலில் படக்கூடாது. உறை இல்லாமல் தொடாதீர்கள். கடித்தாலோ நகம் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உங்களுக்கு வெறிநோய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

மடிப்பாக்கம்_லாப்

முடிச்சு சுருங்கிவிட்டது, சீழ் இல்லை, கோன் மட்டும் தொடர்கிறது. திரும்ப வராமல் இருக்க என்ன செய்வது?

வெட்_தோல்

இரண்டு பாதத்தில் சிவப்பு, பழுப்பு முடி, ஈஸ்ட். அலர்ஜியைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன். கட்டி ஆறிய பிறகும் பாதத்தை நக்குகிறானா, காதில் அடிக்கடி அழுக்கு வருகிறதா, வயிறு, அக்குள் சிவக்கிறதா என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். இவை ஆண்டு முழுக்க இருந்தால் உணவு விலக்குச் சோதனை 8 வாரம்: ஒரே ஒரு புதிய புரதம், ஒரே மாவுச்சத்து, பிஸ்கட் கிடையாது, பக்கத்து வீட்டார் கொடுக்கும் மசால் எலும்பும் கிடையாது. ஒரு துண்டு பிஸ்கட் போனால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

பிறகு எடை. நேரில் பார்க்காமல் இலக்கு சொல்ல முடியாது. ஆனால் விலா எலும்பை லேசாகத் தடவினால் விரலில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் ஒவ்வொரு அடியிலும் அந்த அதிகப்படி எடை முடியைத் தோலுக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஷாம்பு எவ்வளவு போட்டும் அது நிற்காது.

கரிசல்காட்டான்

தரையையும் பாருங்க. ஃபினாயில் ஊத்தித் துடைச்ச ஈரத் தரையில நாயை நடக்க விடுறதும் ஒரு காரணமா இருக்கலாம். வெறும் தண்ணியில ஒரு தடவை துடைச்சுக் காய விடுங்க. கூண்டுக்குள்ள மூத்திரம் தேங்கினா அதுவும் அப்படித்தான். சொரசொரப்பான சிமென்ட் தரையில கட்டிப் போட்டா பேடு தேய்ஞ்சு எடை விரல் இடுக்குக்கு மாறும். கட்டில் போடுங்க, இல்லேன்னா பழைய சாக்கை மடிச்சுப் போட்டு ரெண்டு நாளைக்கு ஒருக்கா வெயில்ல காய வையுங்க.

உண்ணியும் விரல் இடுக்குலதான் ஒளியும், வாராவாரம் விரிச்சுப் பாருங்க.

மடிப்பாக்கம்_லாப்

வாக்கிங் எப்போது தொடங்கலாம்?

கோவை_குரூமர்

தோல் மூடி, நொண்டல் போன பிறகு. முதல் வாரம் 10 நிமிஷம், கயித்துல, காஞ்ச தரையில. வந்ததும் வெறும் தண்ணியில கழுவித் துடைங்க, அந்த அடிப்பள்ளம் உட்பட. கோனைக் கழட்டுறது அதுக்கும் அப்புறந்தாங்க. கழட்டின முதல் ராத்திரி காலை நக்குற சத்தம் கேக்குதான்னு பாருங்க. கேட்டா மறுபடி மாட்டுங்க.